கணுவுக்குக் கணு வேர் விட்ட பெட்டூனியா

அந்தக் கன்றைப் பிடுங்கியது நான். மாடு தின்றுவிட்டது என்று சொன்னதும் நான். முதலாவதைக் கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் விதைநெல் வயல்களைப் பரிசோதிப்பது என் தொழிலாக இருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வயல் வட்டைகளில், கதிர் தள்ளும் பருவத்தில், வரம்பு வரம்பாக ஏறி இறங்கி நடப்பேன். விதைக்கென்று நிற்கும் நெல் எல்லாம் ஒரே உயரம், ஒரே பருவம், ஒரே மணியாக இருக்க வேண்டும். அரைச்சாண் உயர்ந்து நிற்பது, ஒரு கிழமை முந்திப் பூத்தது, மணியில் மீசை வைத்தது, எதுவானாலும் கலப்பு. கலப்பைப் பிடுங்குவதற்கு ஒரு முறை உண்டு. வேரோடு இழுத்து, சேற்றை உதறி, வேர் மேலே பார்க்க வரம்பில் கவிழ்த்து வைக்க வேண்டும். சேற்றுக்குள் எறிந்தால் மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும். இதை எத்தனை பேருக்குக் காட்டிக் கொடுத்தேனோ தெரியாது. என் கைக்கு அது மூச்சு விடுவது போல ஆகிவிட்டிருந்தது. பேசிக்கொண்டே பிடுங்குவேன். பிடுங்கியது நினைவில் நிற்காது.

என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். "இவருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். அப்பளம் ஒண்டு கோணலாப் பொரிஞ்சாலும் தூக்கிச் சோத்துக் கோப்பை விளிம்பில கவுத்து வைச்சிருவார்."

ஓய்வு பெற்ற பிறகு ஏறாவூருக்கு அடுத்த ஊரில், வாவிக்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வளவில் இருந்துவிட்டோம். மனைவிக்குப் பெட்டூனியா பிடிக்கும். ஏறாவூர் வீதியோரத்தில் பூக்கன்று விற்கும் ஒரு பெண்ணிடம் மூன்று தடவை வாங்கி வந்தாள். மூன்று தடவையும் செத்துப் போயின. நாலாவது தடவை முறைப்பாடு சொல்வதற்கென்றே நானும் கூடப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் வளைகுடா நாடொன்றில் லொறி ஓட்டுகிறார். நிழல் வலைக்குக் கீழே பொலித்தீன் பைகளில் கன்றுகளை அடுக்கி, அந்தக் கடையை அவர் தனியாகவே நடத்தி வந்தார். எங்களைக் கண்டதும் முந்திக்கொண்டார்.

"என்ன சேர், இந்த முறையும் மவுத்தா?"

"மவுத்துத்தான். உங்கட கன்றுக்கு ஆயுசே ஒரு மாதம்தான் போல."

"மலைநாட்டில வளர்ந்த புள்ள சேர் இது. இஞ்ச கச்சான் அடிச்சாக் காயும், மாரி பெஞ்சா அழுகும். லொறியில வாறத நான் வித்துப் போடுறன். மறுகா வாங்கின ஆக்கள் எல்லாம் வந்து என்னத்தானே ஏசுற."

கச்சான் என்பது வருடத்தின் நடுவில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று. மாரி அதற்கு நேரெதிர். இரண்டையும் தாங்கும் பூக்கன்றுகள் எங்கள் பக்கத்தில் குறைவு.

எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை அப்போது வந்தது. பெட்டூனியா மலைநாட்டுப் பிள்ளை அல்ல என்றேன். அதன் மூதாதைகள் தென்னமெரிக்காவில் வெட்டவெளியிலும் ஆற்றோரத்திலும் பாறை இடுக்கிலும் தாமாகவே முளைத்துக் கிடக்கின்றன. ஒன்று வெள்ளை, பொழுது பட்டால் மணக்கும், அந்திப் பூச்சிகள் வந்து தேன் குடிக்கும். இன்னொன்று ஊதா, தேனீ வரும். இவற்றைக் கலந்துதான் தோட்டத்துப் பெட்டூனியாவை உண்டாக்கினார்கள். பிறகு பெரிய பூவையும் ஒரே உயரத்தையும் மட்டுமே பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்ததில், காட்டில் இருந்த எத்தனையோ குணங்கள் வழியில் விழுந்து போயின.

அவர் ஒரு கன்றின் காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"அப்ப காட்டில நிக்கிறதுல, ஏதாவது ஒண்டு இஞ்ச நிக்கும்தானே?"

"நிற்கக்கூடும்."

"அப்ப எடுப்பிச்சுத் தாங்களன் சேர்."

நான் சொன்னதையெல்லாம் அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. என்னோடு படித்த ஒருவர் தென்னமெரிக்க நாடொன்றில் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார். அவருக்கு எழுதினேன். அனுமதிப் பத்திரம், தொற்றுக்காப்புப் பரிசோதனை எல்லாம் முடிந்து, பல இடங்களில் காட்டில் சேர்த்த விதைகளைக் கலந்த ஒரு பொட்டலம் பல மாதம் கழித்து வந்து சேர்ந்தது. விதை என்று சொன்னாலும் பார்வைக்குத் தூசி. ஒரு சிட்டிகைக்குள் ஒரு தோட்டமே அடங்கும்.

அந்தப் பெண்ணின் கடையில் மண் இல்லை, எல்லாம் பைகள். ஆகையால் என் வளவிலேயே பாத்தி போட்டோம். வாவிக்கரை மண், உப்பு உண்டு. மாரியில் பாத்தியின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். சோதிப்பதற்கு அதுவே நல்லது என்றார். விதையில் பாதியைக் காய்ந்த மணலோடு கலந்து தூவினோம். மற்றப் பாதியை, ஈரம் உறிஞ்சுவதற்கு வறுத்த அரிசியோடு ஒரு போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பெண் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஸ்கூட்டியில் வருவார். கன்றுகளைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, பொழுது படுமுன் போய்விடுவார்.

முளைத்து வந்தவற்றைக் கண்டதும் எனக்குக் கை அரித்தது. வேறு சொல் இல்லை. ஒன்று நெட்டையாக நின்றது, ஒன்று தரையில் கிடந்தது. ஒன்றின் இலை ஒட்டும், ஒன்றின் இலை ஒட்டாது. ஒன்று ஆறு இலையிலேயே பூத்தது, பக்கத்தில் நின்றது பூக்கவே மாட்டேன் என்றது. என் தொழிலில் இப்படி ஒரு பாத்தியைக் கண்டிருந்தால் முழுவதையும் தள்ளுபடி செய்திருப்பேன். அவருக்கோ ஒரே சந்தோசம்.

"சேர் ஏன் மூஞ்சிய இப்பிடி வைச்சிரிக்கீங்க? பரீட்சையில பெயிலான ஆள் மாதிரி."

"ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல் கிடக்கு."

"அதுக்குத்தானே கேட்ட. எல்லாம் ஒண்டு போல நிண்டா எல்லாம் ஒண்டாச் சாகும்."

உயிரியல் படித்தவன் நான். எந்தக் குணம் எப்போது உதவும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் காட்டுப் பயிரின் வேறுபாடுகளைக் காப்பாற்றி வைக்கிறார்கள் என்று மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் அது என் தலைக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் அதையும் கண்டுகொண்டார். ஒரு பலகைத் துண்டையும் பெயின்ற்றையும் கொண்டுவந்து தந்தார்.

"ஒரு மாரியும் ஒரு கச்சானும் போகுமட்டும் ஒண்டையும் புடுங்கிறல்ல எண்டு எழுதுங்க. உங்கட கையாலயே எழுதுங்க சேர். மறுகா அந்தக் கைக்கு ஞாபகம் இரிக்கும்."

நான் எழுதினேன். பாத்தியின் தலைப்பில் நட்டோம்.

கவனிக்க வேண்டிய கன்றுகளுக்குத் தையல் வேலையில் மிஞ்சிய துணிக் கீலங்களை அவர் கட்டி வைத்தார். மணப்பதற்கு நீலம், உப்பைத் தாங்கி நிற்பதற்கு மஞ்சள். சிவப்பு மாரிக்கென்று வைத்திருந்தது.

மாரி வந்தது. மூலையில் தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் அங்கே நின்றவை எல்லாம் அழுகிக் கூழாகிக் கிடந்தன, ஒன்றைத் தவிர. அது பார்ப்பதற்குப் புல்லைப் போலத் தரையோடு படர்ந்து கிடந்தது. இலை சிறிது, தடிப்பு. பூ பெருவிரல் நகமளவு, வெளிறிய ஊதா, அதுவும் கொஞ்சம் கோணல். அவர் சேற்றிலேயே குந்தி ஒரு கொடியை மெல்லத் தூக்கினார்.

"சேர், இஞ்ச பாருங்க. கணுவுக்குக் கணு வேர் விடுது. தாய் வேர் அழுகினாலும் மத்தது புடிச்சிக்கொள்ளுது."

"பூ அவ்வளவு நல்லாயில்லையே."

"பூவ மத்ததுல இருந்து எடுப்பம். காலை இதுல இருந்து எடுப்பம்."

கன்று விருத்தி என்றால் என்ன என்பதை அதற்கு மேல் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் சிவப்புக் கீலத்தை அந்தக் கன்றுக்குக் கட்டினார். இந்தக் காட்டுச் செடி தன் மகரந்தத்தில் தானே காய்க்காது என்று நான் சொல்லியிருந்தேன். ஆகவே ஒரு கோழி இறகை எடுத்து, நிமிர்ந்து நின்ற வெள்ளைப் பூவிலிருந்து மகரந்தம் தொட்டு, இதன் இரண்டு பூக்களுக்குத் தடவினார். காய் முற்ற ஒரு மாதம் செல்லும். அதற்குள், வருகிற கிழமை மழை விட்டதும், கொடியை வெட்டிப் பைகளில் நடுவதாகத் திட்டம். ஒவ்வொரு கணுவும் ஒரு கன்று. மாரி தாங்கிய கன்று என்று சொல்லி விற்கலாம். லொறியை நம்பியிருக்கத் தேவையில்லை.

அன்று அவர் பாத்தியில் இருந்தபடியே கணவருக்கு வட்ஸ்அப்பில் காட்டினார்.

"இந்தா பாருங்க. இவர்தான் உங்களக் கூட்டிட்டு வரப் போறவர்."

"இந்தப் புல்லா?" என்று போனில் சிரிப்புக் கேட்டது.

"புல்லுத்தான். கடை நிக்கும், நீங்க வரலாம். கொந்தராத்துல ஒப்பம் வைச்சிராதீங்க. ஒரு கிழமை பொறுங்க, நான் சொல்றன்."

கணவரின் வேலை ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது, ஒப்பம் வைத்தால் இன்னும் இரண்டு வருடம் வர முடியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஒரு கோணல் பூக் கன்றில் என்ன தங்கியிருந்தது என்று தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

நாலு நாள் கழித்து, முன்பு என் கீழ் வேலை செய்த இரண்டு உத்தியோகத்தர்கள் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். காலையில் எழுந்து பாத்தியைத் துப்புரவு செய்யப் போனேன். அழுகிய கன்றுகளை எடுப்பதுதான் நோக்கம். வருகிறவர்களுக்கு என்ன சொல்வது, எதை முதலில் காட்டுவது என்று மனதுக்குள் பேசிக்கொண்டே எடுத்தேன். கை தன் பாட்டில் போனது. எடுத்தவற்றைப் பாத்திக்கு அணைத்திருந்த செங்கல் வரிசையில், வேர் மேலே பார்க்க, ஒழுங்காக வைத்தேன். விட்டுப்போன துண்டுகளையும் விரலால் கிளறி எடுத்தேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "சேர்ட பாத்தி இப்பவும் விதைநெல் வயல் மாதிரித்தான்" என்றார்கள். தேநீர் குடித்துக்கொண்டு உச்சி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது செங்கல்லில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

வெயிலில் அது நாலு மணித்தியாலம் கிடந்திருக்கும். இலைகள் துவண்டிருந்தன, தண்டு இன்னும் பச்சை. இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு அந்தப் பெண்ணை அழைத்திருக்க வேண்டும். ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். காய்ந்த ரோசாக் கொம்பையே பிடிக்க வைக்கிற கை அவருடையது. கணு கணுவாக வெட்டி நட்டிருந்தால் ஒன்றிரண்டாவது தப்பியிருக்கும். கன்று என் கையால் சாகவில்லை. பிடுங்கிய பிறகும் அது உயிரோடுதான் இருந்தது.

ஆனால் என் கையெழுத்தில் பலகை அங்கே நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. கீலத்தை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கன்றைக் கொண்டுபோய் உரக்குவியலில் போட்டுத் தென்னோலையால் மூடினேன்.

பின்னேரம் அவர் வந்தார். நேரே மூலைக்குப் போனவர் திரும்பிக் கேட்டார்.

"சேர், கன்று எங்க?"

"மாடு ஒன்று உள்ளே வந்துவிட்டது, மகள்."

"மாடா?"

"விடியப் பார்த்தேன். வேலிப் படலை திறந்து கிடந்தது. நேற்று நீங்கள் போகும்போது கொளுக்கி சரியாக விழவில்லையோ தெரியாது."

இந்தக் கடைசி வசனம் அவசியமே இல்லை. நான் அதையும் சொன்னேன்.

"நான் பூட்டினன்தான் சேர்."

"விழாமல் இருந்திருக்கும்."

அவர் நிலத்தைப் பார்த்தார். குந்தி, ஈர மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு, "இரிக்கும்" என்றார். மற்றக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். படலையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. கணவர் ஒப்பம் வைத்துவிட்டார் என்று கடைப்பக்கம் போய் வந்த மனைவிதான் சொன்னாள்.

"அந்தப் புள்ள ஏன் இப்ப வாறல்ல?" என்றும் கேட்டாள்.

"மாடு தின்றதோடு மனம் விட்டுப் போச்சு."

"எங்கட வளவுக்குள்ள மாடு வந்தத நான் காணல்லையே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் தேங்காய் துருவப் போனாள்.

கச்சான் காலத்தில் மிச்சக் கன்றுகளும் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நான் தண்ணீர் ஊற்றினேன், ஆனால் பார்த்துக் குறித்து வைக்க மனம் வரவில்லை. அடுத்த மாரி தொடங்கியதும் அந்த மூலையில் மறுபடி தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் அது வடிந்தது, அங்கே தலை தூக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் காலை சிவப்புக் கீலத்தை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் பைகளுக்குத் தென்னந்தும்புத்தூள் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "இரிங்க சேர்" என்றார். நான் இருக்கவில்லை. கீலத்தை மேசையில் வைத்தேன்.

"மாடு வரவில்லை. நான்தான் பிடுங்கினேன். உங்களிடம் பொய் சொன்னேன்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு பையை நிரப்பி முடித்து, தட்டி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும் சேர்."

"எப்போதிருந்து?"

"அண்டைக்கே. மாடு கடிச்சா மேலால இழுத்துட்டுப் போகும். அது கணுவுக்குக் கணு வேர் விட்ட கன்று. எங்கயாவது ஒரு துண்டு மண்ணுக்குள்ள மிஞ்சும். நான் தேடினன். ஒண்டும் இல்ல. விரல் விட்டுக் கிளறி அவ்வளவு துப்புரவா எடுக்கிற மாடு எங்கட ஊர்ல இல்ல சேர்."

"அப்ப ஏன் கேட்கவில்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன். அடுத்த நாள் சொல்லுவார், அதுக்கடுத்த நாள் சொல்லுவார் எண்டு. மறுகா எனக்கு அங்க வர ஏலாமப் போச்சு. கன்று போனதுக்கில்ல." அவர் அடுத்த பையை எடுத்தார். "புடுங்கின உடன எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே. தண்டு செத்திருக்காதே."

"சாகவில்லை. பச்சையாகத்தான் இருந்தது."

இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"அவருக்கு நீங்களே சொல்லுங்க. நான் மாடு எண்டுதான் சொல்லி இரிக்கன். வயசுபோன மனிசன், உங்கட பேர நான் ஏன் சொல்லுவான் எண்டு விட்டன். அவர் நான் படலையப் பூட்டல்ல எண்டு என்னத்தான் ஏசுற."

வளைகுடாவில் இன்னும் விடிந்து அதிக நேரம் ஆகியிருக்காது. கணவர் லொறிக்குள் இருந்தார். நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கன்றைப் பிடுங்கியது, மூடி வைத்தது, படலையைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றையும். நான் முடித்ததும் அவர் லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

"அப்ப படலைய அவ பூட்டித்தான் இருந்திரிக்கா."

"ஓம். பூட்டியிருந்தா."

"எத்தினை தரம் ஏசியிருப்பன் சேர். சண்டை வாற நேரமெல்லாம் அந்தப் படலையத்தான் இழுக்கிற. அவட்டப் போனக் குடுங்க."

கொடுத்தேன். அந்தப் பெண் போனோடு நிழல் வலைக்குப் பின்னால் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வாங்க வந்த ஒருவருக்கு செவ்வந்திக் கன்று எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. கேட்டது வேறு.

"மத்தப் பாதி விதை இரிக்கா, இல்ல அதையும் துப்புரவாக்கிட்டீங்களா?"

"போத்தலோடு இருக்கு."

"அத இஞ்ச கொண்டாங்க. பாத்திய கடைக்குப் பின்னால போடுவம். பலகையையும் கழட்டிட்டு வாங்க."

"நான் வரலாமா?"

"வாங்க. பாத்திக்குக் கிட்ட வந்தா கையப் பின்னால கட்டிட்டு நிக்கணும்."

விதை பழையதாகிவிட்டதால் பாதிக்குப் பாதிதான் முளைத்திருக்கிறது. முளைத்தவை முன்னைப் போலவே ஆளுக்கொரு விதமாக நிற்கின்றன. நான் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அவர் சொல்லச் சொல்ல, இலை, உயரம், பூத்த நாள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவதுதான் என் வேலை. எழுதி முடித்ததும் பேனையைச் சட்டைப் பையில் குத்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். போன கிழமை ஒரு கன்று நிமிராமல் தரையோடு சாய்ந்து கிடந்தது. அந்தப் பழைய கன்றின் குணம் இதற்கு உண்டா என்று கேட்டேன்.

"தெரியாது சேர். தண்ணி நிண்டாத்தான் தெரியும்" என்றார்.

அதன் கணுக்களில் இதுவரை வேர் இல்லை. கணவரின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு மாரி பாக்கி இருக்கிறது.